கண்ணை மூடினால் வரும் ஆங்கிலம்

எமிலி டீச்சர் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். என் நாற்காலியின் ஒரு கால் லேசாக வளைந்திருந்தது. அசைந்தால் தரையில் கிறீச்சிட்டது. அதனால் அசையாமல் இருந்தேன். சமையலறையிலிருந்து சுக்குக் காபி கொதிக்கும் வாசனை வந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் மூடவில்லை.

அதற்குச் சங்கிலி ஜெபம் என்று பெயர். ஒருவர் நாலைந்து வாக்கியம் சொல்லி நிறுத்துவார். மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். உடனே அவருக்கு இடப்புறம் இருப்பவர் தொடர வேண்டும். சங்கிலி அறக்கூடாது. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது ஆங்கிலத்தில் நடக்கும்.

டீச்சரின் கணவர் முடித்துவிட்டார். அடுத்தவள் ரூத் என்ற நர்சிங் மாணவி. அவளுக்கு அடுத்து என் நண்பன் செல்வின். அதற்கு அடுத்து நான்.

நான் கிறிஸ்தவன் இல்லை. சொந்த ஊர் முக்கூடல். காலையில் பூசிய திருநீறு நெற்றியில் பாதி மிச்சமிருந்தது. ஜெபம் செய்யத் தெரியாது. ஆங்கிலம் பேசவும் தெரியாது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டிய ஒரு நாற்காலியில் நான் எப்படிப் போய் உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

வாய் வழியே வராத மொழி

நாளிதழ் ஒன்றின் திருநெல்வேலிப் பதிப்பில் நான் உதவி ஆசிரியராக இருந்ததை இந்தத் தொடரைப் படிப்பவர்கள் அறிவார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். ஆங்கிலத்தில் வரும் ஏஜென்சிச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலையில் பெரும்பாதி. நீதிமன்றத் தீர்ப்பு, புயல் எச்சரிக்கை, வட்டி விகிதம் எதுவானாலும் பார்த்த மாத்திரத்தில் தமிழாகிவிடும். ஆங்கிலம் எனக்குள் கண் வழியாக வந்து விரல் வழியாக வெளியே போனது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட வாய்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு சூரசம்ஹாரத்தின்போது திருச்செந்தூருக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். கூட்டத்தில் வடநாட்டுக் குடும்பம் ஒன்று என்னிடம் ஆங்கிலத்தில் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டது. கேள்வி முழுவதும் புரிந்தது. பதிலும் தெரியும். கையை நீட்டிக் காட்டினேன், பிறகு வலப்பக்கம் மடக்கினேன். அந்த அம்மாள் என் முகத்தை இரக்கத்தோடு பார்த்தார். தன் பிள்ளைகளிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து, உதட்டை மட்டும் அசைத்து நன்றி சொன்னார். எனக்கு வாய் பேச வராது என்று நினைத்துவிட்டார். நானும் சைகையிலேயே பரவாயில்லை என்றேன்.

அப்போது அது அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பதற்கு ஒரு கதையாக இருந்தது. அலுவலகத்தை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அப்படி இருக்கவில்லை.

மூடுவதற்குச் சில மாதம் இருந்தபோது பெங்களூர் நிறுவனம் ஒன்று மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடுவதாகத் தெரிந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். எழுத்துத் தேர்வு வைத்தார்கள், தேறிவிட்டேன். மிச்சமிருந்தது நேர்காணல் ஒன்றுதான். கணினித் திரையில், முழுக்க ஆங்கிலத்தில். மழைக்காலம் தொடங்கியதும் கூப்பிடுவோம் என்றார்கள்.

மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. நாற்பத்தேழு வயதில் வெளியே வரும் ஒரு தமிழ் உதவி ஆசிரியரை வேறு யார் எடுப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் தோன்றவில்லை.

இரண்டு தவறான வாசல்கள்

முதலில் கைபேசியில் ஒரு செயலியைப் பதிந்தேன். அது என்னை ஆப்பிள் மேசைமேல் இருக்கிறது என்று சொல்லச் சொன்னது. சொன்னேன். பிரமாதம் என்றது. மறுநாள் ஆப்பிள் மேசைக்கு அடியில் போயிருந்தது. அதற்கும் பிரமாதம் என்றது. உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையை முந்தின நாள் இரவு தமிழாக்கிவிட்டு, காலையில் ஆப்பிளைத் தேடிக்கொண்டிருந்ததில் எனக்கே நான் யார் என்பது குழம்பியது.

பிறகு ஒரு பயிற்சி மையம். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். புது வாத்தியார் என்று நினைத்திருக்கிறார்கள். நான் அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. வருங்கால லட்சியம் பற்றிப் பேச வேண்டும் என்றார் பயிற்சியாளர். என் முறை வந்தபோது முப்பது ஜோடிக் கண்கள் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. சொல்ல வேண்டிய வாக்கியம் அச்சுக் கோத்ததுபோல் தலைக்குள் இருந்தது. நாக்கு மட்டும் அதைத் தொட மறுத்தது. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சைகை செய்துவிட்டு இறங்கி வந்தேன்.

துட்டு கெடையாது, ஃபேன் உண்டு

செல்வின் எங்கள் அலுவலகப் புகைப்படக்காரன். என் வயதுதான். அவனுக்குக் கல்யாண ஆல்பம் போடும் தொழில் தனியாக இருந்ததால், அலுவலகம் மூடுவதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

"என்னவே, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?" என்றான் டீக்கடையில்.

சொன்னேன்.

"இம்புட்டுதானா? ஞாயித்துக்கெழம காலைல எங்க கோயிலுக்கு வாரும். மொத ஆராதன முழுக்க இங்கிலீஷ்தான். துட்டு கெடையாது, ஃபேன் உண்டு."

"மதம் மாத்திப்புட மாட்டியளே?"

"உம்மையா? உம்ம வச்சி நாங்க என்னவே செய்ய?"

பாளையங்கோட்டையில் பாதிரிமார் காலத்திலிருந்து நிற்கும் கோயில்களில் அதுவும் ஒன்று. கடைசி பெஞ்சில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செய்தியாளர்கள் எந்தக் கூட்டத்திலும் கடைசியில்தான் உட்காருவோம், எழுந்து போக வசதி.

ஒரு வரியைப் போதகர் சொன்னார். அடுத்த வரியைச் சபை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. பதில் வரிகள் முன்னால் இருந்த புத்தகத்திலேயே அச்சாகியிருந்தன. இரண்டாவது வாரம் நானும் முணுமுணுத்தேன். மூன்றாவது வாரம் சத்தமாகவே சொன்னேன். அத்தனை குரல்களுக்கு நடுவே என் தப்பு யாருக்கும் கேட்காது. என் வாயிலிருந்து முழு ஆங்கில வாக்கியம் ஒன்று வெளியே வந்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் போனது அதுதான் முதல் தடவை.

ஆனால் அதற்கு மேல் ஒரு அடிகூட நகரவில்லை. காரணம் வாசற்படி.

வேதபாடத்தை நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல் ஆங்கிலத்தில் வாசித்த பெரியவர், ஆராதனை முடிந்து வாசலைத் தாண்டியதும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கைபேசியில் பேசினார்: "ஏலே, தண்ணி ஏறலேல்லா. மோட்டாரு காயில் போயிட்டா என்னன்னு பைய கழத்திப் பாரு." எல்லோருமே அப்படித்தான். உள்ளே கடவுளோடு ஆங்கிலம். வெளியே மனிதர்களோடு நெல்லைத் தமிழ். எனக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பெங்களூரில் என்னைக் கேள்வி கேட்கப் போவது கடவுள் இல்லை.

எமிலி டீச்சரைச் செல்வின்தான் அறிமுகப்படுத்தினான். கணக்கு டீச்சர். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. "அண்ணாச்சி இங்கிலீஷ் படிக்க வாறாரு டீச்சர், சாமி கும்பிட இல்ல" என்று முகத்துக்கு நேரே போட்டு உடைத்தான்.

"எதுக்கு வந்தா என்ன, வரட்டும்" என்றார் டீச்சர். "அண்ணாச்சி, வெள்ளிக்கெழம எங்க வீட்ல ஜெபம். அதுவும் இங்கிலீஷ்தான். வாங்க. காபி உண்டு."

அந்த ஜெபக்கூட்டம் ஆங்கிலத்துக்கு மாறியதற்குக் காரணம் ரூத். மணிப்பூரிலிருந்து வந்த பெண். வந்த புதிதில் தமிழ் தெரியாது என்பதால் அவளுக்காக எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள். அப்படியானால் இவளிடம் பேசிப் பழகலாமே என்று எனக்கு நம்பிக்கை வந்தது. முதல் வெள்ளியன்று, ஜெபம் தொடங்கும் முன், தயார் செய்து வைத்திருந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் தொடங்கப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, எங்கூட தமிழ்ல பேசுங்க" என்றாள் அவள். "வார்டுல பாட்டிமாரு திட்டுதாங்க. எனக்குத் தமிழ் பழகணும்லா."

என் பக்கத்தில் இருந்த ஒரே ஆங்கில வாய்ப்பும் என்னிடம் தமிழ் கேட்டு நின்றது.

என் முறை

செல்வின் முடித்தான். ஆமென் என்றார்கள். அடுத்தது நான்.

வட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். டீச்சர் கண்ணை இறுக மூடியிருந்தார். அவர் கணவருக்கு நெற்றி சுருங்கியிருந்தது. ரூத் தலையைக் குனிந்திருந்தாள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டார்கள், ஜெபம் முடியும்வரை கண் திறப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. பயிற்சி மையத்தில் என் நாக்கைக் கட்டிப்போட்டது ஆங்கிலம் இல்லை, அந்தக் கண்கள் என்று அந்த வினாடியில் தோன்றியது. இங்கே கண்களே இல்லை.

நானும் மூடிக்கொண்டேன். ஆண்டவரே என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆண்டவரிடம் கேட்கும் வழக்கமான வாக்கியங்கள் என்னிடம் இல்லை. இருந்தது அன்று மதியம் படித்த ஏஜென்சிச் செய்தி. வாய் அதைப் பிடித்துக்கொண்டது.

வள்ளியூர் அருகே நான்கு வழிச்சாலையில் நேற்று மாலை வேனும் லாரியும் மோதிக்கொண்டன. வேனில் சென்ற மூவர் சிறு காயங்களுடன் தப்பினர். அவர்கள் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளனர். போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர்.

முழுவதும் ஆங்கிலத்தில், தடுமாறாமல், ஒரே மூச்சில். போலீஸ் விசாரணை பற்றிய தகவல் ஆண்டவருக்கு எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. செய்தியை அப்படி முடித்துத்தான் பழக்கம்.

பிறகு எல்லோரும் ஆமென் என்றார்கள், மற்றவர்களுக்குச் சொன்னதைவிடச் சற்று அழுத்தமாக.

காபி டம்ளரைக் கையில் கொடுக்கும்போது டீச்சர் சொன்னார்: "நல்லா பாரமா ஜெபிச்சிய அண்ணாச்சி." அடுத்தவர் கஷ்டத்தைத் தன் கஷ்டமாகச் சுமந்து கேட்பதற்கு அவர்கள் வழக்கில் பாரம் என்று பெயர். எனக்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. இல்லை என்று மறுக்கவும் வழி தெரியவில்லை.

தெருவில் இறங்கியதும் செல்வின் சிரிப்பை அதுவரை அடக்கி வைத்திருந்தது தெரிந்தது. "ஆண்டவருக்கே பத்திரிகைக் குறிப்பு வாசிச்ச மொத ஆளு நீருதான்வே."

அடுத்த வெள்ளி, அணை நீர்மட்டம், மழை முன்னறிவிப்பு, கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்க விவசாயிகள் கோரிக்கை. டீச்சரின் கணவருக்கு முக்கூடல் பக்கம் வயல் இருந்தது. அவர் ஆமென் மட்டும் தனியாக, பலமாக ஒலித்தது. அதற்கடுத்த வெள்ளி, சுரண்டைப் பக்கம் தீப்பிடித்த ஒரு வைக்கோற்போர். என் ஆங்கிலம் வாரத்துக்கு வாரம் நீண்டது. கண்ணைத் திறந்தால் மட்டும் நின்றுவிடும். டீச்சர் வீட்டுக் கதவைத் தாண்டியதும், காபி நன்றாக இருந்தது என்பதைக்கூட ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. இது கற்றுக்கொள்வதா, வேறு ஏதாவதா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஆண்டவருக்கு ஒரு திருத்தம்

மூன்று நான்கு வாரம் போயிருக்கும். காபி நேரத்தில் எமிலி டீச்சர் சாதாரணமாகச் சொன்னார்:

"அன்னைக்கு வள்ளியூர் ஆக்சிடென்ட்டுன்னு ஜெபிச்சியல்லா, அந்த மூணு பேரையும் நானும் எங்க வீட்டு சாரும் பாக்கப் போயிருந்தோம்."

"எதுக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "நீங்கதான சொன்னிய?" என்றார். "ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போனோம். ரெண்டு பேரு வீட்டுக்குப் போயிட்டாங்க. வேன் ஓட்டுன ஆளு அங்கனதான் கெடக்காரு. முட்டுக்குக் கீழ கால எடுத்துட்டாங்க. நீங்க சின்னக் காயம்னுல்லா சொன்னிய?"

குற்றம் சொல்லும் தொனி இல்லை. கூட்டல் ஒத்துவரவில்லை என்று கணக்கு டீச்சர் கேட்பதுபோல் கேட்டார்.

"முதல் தகவல் அப்படித்தான் வந்தது, டீச்சர்."

"ஆமா, அங்கன போய்ப் பாத்தாத்தான தெரியும்" என்று ஒத்துக்கொண்டு பிஸ்கட் தட்டை நீட்டினார்.

விபத்துச் செய்தி எத்தனை எழுதியிருப்பேன் என்று எண்ண முடியாது. சிறு காயங்களுடன் தப்பினர் என்ற தொடரை விரல் தானாகவே அடித்துவிடும். மறுநாள் அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் போய்ப் பார்த்ததில்லை. என் வேலை அதுவல்ல. இங்கே என் பயிற்சி வாக்கியத்தை நம்பி இரண்டு பேர் பஸ் ஏறியிருக்கிறார்கள். நான் சொன்னது ஜெபமா செய்தியா என்று எனக்குக் குழப்பம். அவர்களுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

"தப்பான தகவல்லா மேல போயிருக்கு" என்றான் செல்வின், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே. "ஆண்டவருக்குத் திருத்தம் போடும்வே."

அவன் விளையாட்டாகச் சொன்னான். ஆனால் தவறு வந்தால் திருத்தம் வெளியிடுவது எங்கள் தொழிலில் மாற்ற முடியாத வழக்கம். அடுத்த வெள்ளி என் முறை வந்தபோது கண்ணை மூடினேன். இந்தமுறை வாய்க்குக் கைகொடுக்க ஏஜென்சிச் செய்தி எதுவும் இல்லை. இப்படி ஒரு செய்தியை ஏஜென்சி அனுப்பாது.

சில வாரங்களுக்கு முன் இங்கே சொன்ன ஒரு தகவல் தவறு என்றேன். அது சிறு காயம் இல்லை. ஒரு மனிதருக்குக் கால் போய்விட்டது. அவர் இனி வேன் ஓட்ட முடியாது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

எளிய, சின்னச் சின்ன வாக்கியங்கள். நடுநடுவே நின்றன. ஒவ்வொன்றையும் தேடித்தான் எடுத்தேன். பழைய வாரங்களின் ஓட்டம் இல்லை. ஆனால் எங்கிருந்தோ வந்த வாக்கியங்களை வாய்க்குள் போட்டுத் திருப்பி அனுப்புவதுபோல் இல்லாமல், முதல் முறையாக நான் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

டீச்சர் கண்ணைத் திறக்காமலே மெல்லச் சொன்னார்: "இசக்கிமுத்து. அவரு பேரு."

அந்தப் பெயரையும் சேர்த்துக்கொண்டு முடித்தேன்.

வீட்டில்

என் மனைவி முத்துலட்சுமி இதையெல்லாம் ஒரு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பங்குக்கு, வேலை கிடைத்தால் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாக நேர்ந்திருந்தாள்.

"வெள்ளி செவ்வா வெளக்கேத்துத வீட்டுல, வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆள் இல்ல. ஞாயித்துக்கெழம காலைலயும் ஆள் இல்ல. எந்தப் பக்கம் போறியன்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள்.

"இங்கிலீஷ் படிக்கத்தான்."

"படிச்சிட்டியளா?"

"கண்ண மூடினா வருது."

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "பெங்களூர்க்காரங்க கண்ண மூடச் சொல்லுவாங்களா?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

அதுதான் என் கவலையும்.

திரையில் மூன்று பேர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் காலை நேர்காணல். படுக்கையறையில் மேசை போட்டு மடிக்கணினியை வைத்தேன். சட்டை மட்டும் புதிது, கீழே பழைய கைலிச் சாரம்தான். திரையில் மூன்று கட்டங்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பக்கமும் பேசாத இரண்டு ஆண்கள். மூன்று ஜோடிக் கண்கள். கீழே மூலையில் நான்காவதாக என் கண்களே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பெண்.

வாக்கியம் இருந்தது. நாக்கு நகரவில்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள். மழை தகரத்தில் அடித்தது. வேறு வழி தெரியாமல் கண்ணை மூடினேன்.

வந்தது. முக்கூடல், தமிழ்வழிப் பள்ளி, நாளிதழ், இரவுப் பணி, புயல் வந்த ஆண்டு, மொழிபெயர்ப்பில் எண்களைச் சரிபார்க்கும் முறை. இடையில் ஒருமுறை நின்றேன், தேடினேன், தொடர்ந்தேன். என் வாழ்நாளில் நான் பேசியதிலேயே நீளமான ஆங்கிலம் அது. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

திரையில் யாரும் இல்லை. இணைப்பு இல்லை என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. கதவோரம் முத்துலட்சுமி நின்றிருந்தாள்.

"கரண்டு போயி ரொம்ப நேரமாச்சே" என்றாள்.

"சொல்லக் கூடாதா?"

"சாமி கும்பிடுதியன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் கைபேசி அடித்தது. அந்தப் பெண்தான். முதல் வாக்கியத்துக்கு முன்பே துண்டித்துப் போய்விட்டது, ஒன்றும் கேட்கவில்லை, போனிலேயே பேசலாமா, தயவுசெய்து முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார்.

எங்கள் வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைப்பது அடுக்களை ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான். அங்கே ஓடினேன். ஒரு கையில் போன். இன்னொரு கையால் ஜன்னல் வழியே தெறித்த சாரலை மறைத்துக்கொண்டேன். எதிரே முத்துலட்சுமி வந்து நின்றாள். கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே தொடங்கினேன்.

முன்பு சொன்னது எதுவும் அப்படியே திரும்பி வரவில்லை. புயலும் எண்களும் எங்கோ போயின. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும், பேச அவ்வளவாகத் தெரியாது என்றேன். சில மாதமாக ஒரு ஜெபக்கூட்டத்தில் பழகுகிறேன் என்றேன். வேகமாகக் கேட்டால் நின்றுவிடுவேன், நேரம் கொடுத்தால் பதில் வரும் என்றேன். ஒரு செய்தியைத் தவறாகச் சொல்லிவிட்டால் திருத்திச் சொல்வேன் என்றும் சொன்னேன். ஒரு வார்த்தையும் புரியாமல், தெரியாத முகத்தைப் பார்ப்பதுபோல் முத்துலட்சுமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் நான் நிற்கும் இடத்திலெல்லாம், மேலே சொல்லுங்க என்பதுபோல் தலையை அசைத்தாள்.

மறுமுனையில் சில கேள்விகள் வந்தன. நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில் அந்தப் பெண், இதை முன்னெடுத்துச் செல்வதில் நாங்கள் மகிழ்ச்சியடைகிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"என்ன சொன்னிய அவகிட்ட?" என்றாள் முத்துலட்சுமி.

"எனக்கு இங்கிலீஷ் பேச அவ்வளவா வராதுன்னு சொன்னேன்."

"அதச் சொல்லவா இம்புட்டு நேரம்?" என்றாள். பிறகு, "அவ என்ன சொன்னா?"

"முன்னால கொண்டுபோறதுல அவங்களுக்குச் சந்தோஷமாம்."

"எத?"

"தெரியல."

"எங்க கொண்டுபோறாங்க?"

"அதுவும் தெரியல."

"வேல கெடச்சிட்டா, இல்லியா?"

ஒரு மொழிபெயர்ப்பாளனிடம் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. மந்திரிகளின் மழுப்பலையும் நீதிமன்றத்தின் சுற்றி வளைப்பையும் தமிழாக்கியவன் நான். இந்த ஒரு வாக்கியத்தில் ஆம் இருக்கிறதா இல்லை இருக்கிறதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜன்னலோரம் நின்று அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். அடுப்பில் குக்கர் சத்தமிட்டு அடங்கியது. முத்துலட்சுமி அதை இறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த எண்ணுக்கே திரும்ப அழைத்தேன். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. தலைக்குள் எந்த வாக்கியமும் தயாராக இல்லை. அந்தப் பெண் எடுத்து ஹலோ என்றார்.

"யெஸ் ஆர் நோ, மேடம்?" என்றேன்.

அவர் சிரித்தார். தன்னைச் சுற்றி இருந்தவர்களிடம் ஏதோ சொல்வதும் அவர்கள் சிரிப்பதும் கேட்டது. மீண்டும் போனுக்கு வந்து, "யெஸ் சார், யெஸ்" என்றார். அடுத்த மாதம் முதல் தேதி என்றார். நன்றி சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

முத்துலட்சுமிக்கு அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்தாள். குக்கரை இறக்கினாள்.

"அப்ப எங்க போய்ச் சொல்லணும்?" என்று கேட்டாள். "திருச்செந்தூருக்கா, டீச்சர் வீட்டுக்கா?"

நாள்காட்டியைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமைதான் முதல்ல வருது" என்றேன்.

"அப்ப நானும் வாரேன்" என்றாள்.